அரிட்டாபட்டிப் பாறையும் அதன் கீழே ஒரு கண்மாயும்

மதுரையிலிருந்து மேலூர் போகும் நான்குவழிச் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டும்போது இடது பக்கம் யானைமலை நீளமாகப் படுத்துக் கிடக்கும். அதைப் பார்க்காமல் யாரும் போகமுடியாது. அதற்கப்புறம் நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு என்று ஊர்கள் வந்து போகும். அந்த இடத்தில் அழகர்மலைப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தால் வயல்களுக்கு அப்பால் மொட்டைப் பாறைக் குன்றுகள் சில தெரியும். பெரிய உயரமில்லை, யானைமலையின் கம்பீரமும் இல்லை. பேருந்தில் போகிறவர் கண் அங்கே நிற்பதில்லை. அந்தக் குன்றுகளின் காலடியில் இருக்கிற சிற்றூர்தான் அரிட்டாபட்டி. மேலூர் வட்டம், மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ.

2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினை வந்த பிறகு இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டில் குறைவு. அதற்கு முன்னால் கல்வெட்டுக்காரர்களும் பறவை பார்க்கிறவர்களும் மட்டும்தான் இங்கே வந்துபோனார்கள். நானும் கல்வெட்டுப் பித்து பிடித்திருந்த காலத்தில்தான் முதலில் போனேன். போகப்போக, குகையில் இருந்த நேரத்தைவிடக் கண்மாய்க் கரையில் நின்ற நேரம் அதிகமாகிவிட்டது.

அரிட்டாபட்டியின் வரலாற்றை ஆளுக்கொரு துண்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டு ஆய்வாளர் குகைவாசலோடு நிறுத்திக்கொள்வார். கலை வரலாற்றுக்காரர் பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவார். பறவைக்காரர் அண்ணாந்தே நடப்பார். செய்தியாளர்களுக்கு ஊர் 2024இல் பிறந்தது. எனக்கு இவையெல்லாம் ஒரே கதையாகத்தான் படுகிறது. அந்தக் கதை பாறையில் ஆரம்பித்துக் கண்மாய் மடையில் முடிகிறது. இடையில் எங்கே கோடு போட்டாலும் கதை பாதியில் அறுந்துவிடும்.

அதனால் பாறையிலிருந்தே தொடங்குகிறேன்.

மதுரை மாவட்டத்தின் அடித்தளம் முழுக்கப் பழைய உருமாறிய பாறை. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதுள்ளது. பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருவானது, மேலே இருந்த பாரமெல்லாம் அரித்துப் போனபின் வெளியே தலைகாட்டுகிறது. பாரம் குறைந்த பாறை மெல்ல விரியும். விரியும்போது வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக விடும். மேலடுக்கு உடைந்து சரிந்தால் கீழே வழவழப்பான மொட்டைச் சரிவு மிஞ்சும். ஓர் அடுக்கின் அடிப்பாகம் மட்டும் உதிர்ந்தால் மேலே ஒரு பிதுக்கம் கூரையாக நிற்கும். நாம் குகை என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பிதுக்கத்தைத்தான். யாரும் வெட்டிக் குடைந்ததல்ல. உள்ளே நுழைந்து போக இருட்டுப் பாதையும் கிடையாது. ஒரு பெரிய பாறைத் தாழ்வாரம், அவ்வளவுதான்.

இப்படி ஏழு குன்றுகள் ஊரைச் சுற்றி நிற்கின்றன. கழிஞ்சமலை, தேன்கூட்டுமலை, ராமாயி மலை, கழுகுமலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வெளியூர்க்காரனுக்கு எல்லாம் ஒரே பாறைதான். ஊர்க்காரர் கை நீட்டிக் காட்டும்போது ஒரு பெயர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவே எனக்கு வெகுநாள் ஆனது.

மொட்டைப் பாறையின் மகிமை மழை பெய்யும்போதுதான் தெரியும். மண் என்றால் முதல் மழையைக் குடித்துவிடும். பாறை குடிக்காது. ஒரு ஹெக்டேர் பாறையில் 50 மி.மீ. மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அதில் ஏறக்குறைய முழுவதும் ஓடி இறங்கிவிடும். மதுரைப் பக்கம் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 850 மி.மீ.தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் அடித்துவிட்டுப் போகிற மழை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு மொட்டைக் குன்று இருப்பது பெரிய பாக்கியம். பெய்ததை அப்படியே கீழே தள்ளிவிடுகிறது. கொஞ்சத்தைத் தன் பள்ளங்களில் சுனையாக வைத்துக்கொள்கிறது. இன்னும் கொஞ்சம் பிளவுகளுக்குள் இறங்கி, மழை நின்று நாளான பிறகும் அடிவாரத்தில் கசிகிறது. அரசுக் குறிப்பு இங்கே 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் இருப்பதாகச் சொல்கிறது. 72 ஏரிகள் என்றதும் வேடந்தாங்கல் மாதிரி எழுபத்திரண்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். கண்மாய், குளம், குட்டை, ஊருணி எல்லாவற்றையும் சேர்த்தால்தான் அந்தக் கணக்கு வரும். ஆனால் ஒரு சிற்றூரைச் சுற்றி அத்தனை இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதே பெரிய விஷயம்.

இந்தத் தாழ்வாரத்தையும் சுனையையும் முதலில் கண்டு வந்தவர்கள் சமணத் துறவிகள். கழிஞ்சமலைப் பிதுக்கத்தின் கீழே நின்று மேலே பார்த்தால் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பது தெரியும். மழைநீர் பாறை முகத்தில் வழிந்து உள்ளே வராமல், அந்தக் காடியில் தட்டி வெளியே சொட்டிவிடும். ஒரு விரல் ஆழத்துக் கோடு ஒரு வெறும் பாறையை வீடாக்கிவிட்டது. நான் பார்த்த பொறியியல் வேலைகளில் இவ்வளவு சிக்கனமானது வேறில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வெட்டியது, மழை நாளில் போனால் இன்றும் அதே இடத்தில் சொட்டுகிறது.

அந்தக் காடிக்குக் கீழேதான் எழுத்து, தமிழின் மிகப் பழைய வரிவடிவமான தமிழ்ப் பிராமி. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவன் இந்தக் குகையைக் கொடுப்பித்தான் என்று ஒரே வரி. இலஞ்சியைச் சேர்ந்த ஒருவரின் மகன் எமயவன் கொடுப்பித்ததாகச் சொல்லும் இன்னொரு வரி பிற்பாடு கண்டெடுக்கப்பட்டது. செழியன் பாண்டியர் பெயர். நெல்வேலியை இன்றைய திருநெல்வேலியோடும் இலஞ்சியைக் குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சியோடும் சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு. அப்படிப் படித்தால் பொருநை என்ற தாமிரபரணிப் பக்கத்து ஆட்கள் இவ்வளவு தூரம் வந்து, மதுரைக்கு வடக்கே ஒரு பாறையில், யாரோ துறவிகளுக்குக் கூரை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துறவிகள் யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. கொடுத்தவன் பெயர் நிற்கிறது, படுத்தவன் பெயர் போய்விட்டது. இந்த வகைக் கல்வெட்டுகளில் இது வழக்கம்தான்.

இந்தக் குகையைத் தனியாகப் பார்த்தால் விஷயம் விளங்காது. கொஞ்ச தூரத்தில் மீனாட்சிபுரத்தை ஒட்டி மாங்குளம் மலை இருக்கிறது. 1882இல் ராபர்ட் சிவெல் அங்கே கல்வெட்டுகளைக் கண்டார். அப்போது அது என்ன மொழி என்றே புரியவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்தக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ் என்று எடுத்துக்காட்டினார். 1965 வாக்கில் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்தார். சங்கப் பாட்டில் மட்டும் கேட்ட பாண்டியன் பெயர் பாறையில் கிடைத்தது அன்றைக்குப் பெரிய சேதி. வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழு கொடுத்த கொடையும் அதே மலையில் இருக்கிறது. கீழவளவில் தொண்டிக்காரர் ஒருவர் கொடுத்த பள்ளி இருக்கிறது. தொண்டி கடற்கரைப் பட்டினம். நெல்வேலி, இலஞ்சி, வெள்ளறை, தொண்டி என்று ஊர்ப்பெயர்களைக் கோத்துப் பார்த்தால், வணிகர்கள் நடமாடிய பாதை ஒன்று இந்தக் குன்றுகளுக்கு நடுவே போயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. பாதை ஓரம் நிழலும் குடிதண்ணீரும் இருக்கிற இடத்தில் துறவி தங்குவார், வணிகர் புண்ணியம் தேடுவார். சாலை என்பது இங்கே நான்குவழிச் சாலைக்காரர்கள் கொண்டுவந்த புதுச்சரக்கு இல்லை.

துறவிகள் எப்போது போனார்கள் என்று தெரியாவிட்டாலும், பாறையைத் தேடி வந்தவர்கள் நிற்கவில்லை. ஏழு, எட்டாம் நூற்றாண்டில் முற்பாண்டியர் காலச் சிற்பிகள் வந்தார்கள். இவர்கள் கூரையோடு திருப்தியடையவில்லை, குடைந்தார்கள். ஊரார் இடைச்சி மண்டபம் என்று சொல்லும் சிவன் குடைவரை அப்படி வந்ததுதான். லிங்கத்தைத் தனியாகச் செய்து கொண்டுவந்து வைக்கவில்லை, தாய்ப்பாறையிலேயே வடித்திருக்கிறார்கள். வாயில்காவலர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம் கையில் தண்டு பிடித்து உட்கார்ந்திருப்பவர் இலகுலீசர்.

பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் அடுத்தவரைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவதை நான் கவனித்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அவரை அதிகம் பார்க்கமுடியாது. பாசுபதம் என்ற பழைய சைவப் பிரிவை முறைப்படுத்தியவர் என்று சொல்லப்படுகிற இலகுலீசரின் ஊர் குஜராத்தில் இருக்கிறது. அவருடைய சீடர் பரம்பரை பற்றி பொ.ஆ. 380இல் வடநாட்டு மதுரையில், அதாவது மதுராவில், ஒரு தூணில் எழுதி வைத்திருக்கிறார்கள், இரண்டாம் சந்திரகுப்தன் காலத்தில். அந்த மதுரையிலிருந்து இந்த மதுரைக்கு, முந்நூறு நானூறு வருஷத்தில் அவர் வந்து சேர்ந்துவிட்டார். அதுவும் தலைநகர்க் கோயிலில் இல்லை, ஒரு சிற்றூர்ப் பாறையில். கலை வரலாற்றுப் புத்தகங்களில் அரிட்டாபட்டி பெயர் வருவது பெரும்பாலும் இவருக்காகத்தான். சிற்பம் பெரிதில்லை. உட்கார்ந்திருக்கும் தோரணையில் ஓர் அலட்சியம் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும்.

சைவம் வந்துவிட்டதால் சமணம் ஓடிப்போனது என்று பள்ளியில் படித்ததை இந்த மலை ஒப்புக்கொள்ளவில்லை. குடைவரைக்குப் பிறகும் சமணர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். பழைய குகையின் அருகிலேயே தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது, பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது. கீழே வட்டெழுத்து, அன்றைய பாண்டிய நாட்டுத் தமிழ் எழுத்து. மலைக்கு அன்று திருப்பிணையன் மலை என்று பெயர். பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி இது, பாதிரிக்குடியார் பாதுகாக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு. அச்சணந்தி யார் என்று மதுரைச் சுற்றுவட்டக் குன்றுகளில் ஏறியவர்களுக்குத் தெரியும். யானைமலையில் அவர் பெயர், கீழக்குயில்குடியில் அவர் பெயர், கருங்காலக்குடியில் அவர் பெயர். ஒரு மனிதர் மலை மலையாக ஏறி, பழைய பள்ளிகளில் புதுச் சிற்பங்கள் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். ஆயிரம் வருஷமாகத் துறவிகள் படுத்திருந்த இடங்கள் வெறுமையாகிவிடக் கூடாது என்ற தவிப்பு அந்த வேலையில் தெரிகிறது.

பாதிரிக்குடியார் என்ற பெயர்தான் என்னை அதிகம் நிறுத்தியது. சிற்பத்தைச் செய்வித்தவர் ஊர் ஊராகப் போகிற ஆசாரியர். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மட்டும் பக்கத்து ஊர்க்காரர் தலையில். யார் ஆண்டாலும், யார் கும்பிட்டாலும், மழைக்கும் கல் வெட்டுகிறவனுக்கும் தப்பி அந்தத் திருமேனி நிற்க வேண்டுமானால் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் நூற்றாண்டிலேயே இது தெரிந்திருக்கிறது.

சரி, கண்மாய்க்கு வருகிறேன்.

குன்றுகளிலிருந்து இறங்கும் தண்ணீருக்குக் கீழே காத்திருப்பது ஆனைகொண்டான் கண்மாய். பாண்டியர் ஆட்சியில் 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று அரசு வெளியிட்ட குறிப்பிலேயே இருக்கிறது, செய்தித்தாள்களும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டன. 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் பாண்டியர் ஏது? விஜயநகரத்தார் வந்து, நாயக்கர் ஆட்சி தொடங்கிவிட்ட காலம் அது. பாண்டிய வம்சத்தார் தென்காசிப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். ஒன்று கண்மாய் அதைவிடப் பழையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டியவர் பாண்டியராக இருக்க முடியாது. என் ஊகம் முதலாவது பக்கம்தான் சாய்கிறது. குடைவரை குடையவும் சிற்பம் செய்விக்கவும் வசதியிருந்த ஒரு வட்டாரம், அவ்வளவு நாளும் அடிவாரத்துத் தண்ணீரைச் சும்மா ஓடவிட்டிருக்கும் என்று நம்ப முடியவில்லை.

கண்மாய்க் கரையில் நடந்தால் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். கரை பிறை மாதிரி வளைந்து பள்ளத்துப் பக்கம் மட்டும்தான் இருக்கும். மேட்டுப் பக்கம் கரையே கிடையாது, தேவையும் இல்லை. மலைச்சரிவு அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மழைநீரை ஏந்தி வருவது வரத்துக்கால். வயலுக்குத் தண்ணீர் விடுவது மடை. நிறைந்தபின் மிச்சம் வழிந்து போவது கலுங்கு. கலுங்கில் வழிந்தால் கண்மாய் மறுகால் பாய்கிறது என்பார்கள், அன்று ஊரே கரைக்கு வந்துவிடும். பாண்டிய நாட்டுப் பழைய கண்மாய்களில் குமிழி மடை என்று ஒன்று உண்டு. கரையை ஒட்டாமல், தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அடியில் கல்தொட்டி, அதில் துளைகள். மேல் துளை வழியாக நீர் இறங்கும். தரையோடு ஒட்டிய கீழ்த் துளைகள் சேற்றை இழுத்துக்கொள்ளும். வயலுக்குத் தண்ணீரோடு வண்டலும் போகும், கண்மாயும் தூர்ந்து போகாது. இதைத் திறக்க ஒருவர் முங்கிப் போய்த் தக்கையை எடுக்க வேண்டும். மூச்சை அடக்கத் தெரிந்த ஆள் இல்லையென்றால் அந்த ஊருக்கு விவசாயம் இல்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன்.

"எத்தனை மழைக்கு நெறையும்யா இது?"

"அது மழையப் பொறுத்தா இருக்கு? வரத்துக்காலப் பொறுத்து இருக்கு தம்பி. கால் சுத்தமா இருந்துச்சுன்னா நாலு நல்ல மழை போதும். மலையில பெஞ்சது மறுநா கம்மாயில தெரியும்."

"நெறஞ்சா?"

"அடுத்த கம்மாய்க்குப் போகும். அது நெறஞ்சா அதுக்கு அடுத்தது. நாங்க மறிச்சு வச்சுக்க முடியாதுல்ல, கீழ உள்ளவனும் பொழைக்கணும்."

அவர் சொன்னதைத்தான் நீரியல் புத்தகங்கள் சங்கிலித்தொடர்க் கண்மாய்கள் என்று எழுதுகின்றன. மேட்டு ஊரின் கலுங்கு பள்ளத்து ஊரின் வரத்துக்கால். அதனால் எந்த ஊரும் தன் எல்லையோடு முடிவதில்லை. எந்தக் கால் யாருக்கு, கலுங்கில் எவ்வளவு உயரம் கல் வைக்கலாம் என்ற சண்டைகளும் அவற்றுக்கான பழைய தீர்ப்புகளும் கண்மாய் உள்ள ஊரில் எல்லாம் இருக்கும். மேலூர்ப் பக்கத்து நாடு, அம்பலம் என்கிற பழைய ஊர்க்கூட்டு அமைப்புகள் கோயில் மரியாதைக்காக மட்டும் இருப்பதாக வெளியார் நினைக்கிறார்கள். தண்ணீர்ப் பங்கீடும் அவற்றின் வேலைதான்.

கோடையில் கண்மாய் வற்றும்போது இந்த வட்டாரத்தில் மீன்பிடித் திருவிழா. ஒரு கண்மாயில் பார்த்தவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். விடியுமுன்பே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆட்கள் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு கரையில் வந்து நிற்பார்கள். ஊத்தா என்பது மூங்கில் குச்சியில் பின்னிய, அடியில்லாத கூடை. சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சல். முழங்கால் சேற்றில் ஊத்தாவை 'தப்' என்று குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவுவார்கள். உள்ளே விரால் இருந்தால் கை சொல்லிவிடும். கெண்டை, கட்லா, சிலேபி எது கிடைத்தாலும் வீட்டுக்குத்தான், விற்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். அன்று அந்தப் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே குழம்பு வாசனை. வெறும் கொண்டாட்டம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நூற்றுக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் சேற்றைக் கலக்குகின்றன, கண்மாயின் அடி எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று ஊர் முழுக்கத் தெரிந்துபோகிறது. வருஷாந்திர ஆய்வு அது.

1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு மேலூர் வட்டாரத்தின் பல பகுதிக்குக் கால்வாய்த் தண்ணீர் எட்டியது. மேலூர்ச் சீமையின் நெல் பரப்பு பெருகியது அதனால்தான். ஆனாலும் கால்வாய்த் தண்ணீர் என்பது எங்கோ தேக்கடியில் பெய்யும் மழையையும், அரசு எப்போது திறக்கும் என்ற ஆணையையும், மேல்மடைக்காரர் மனசையும் நம்பியிருப்பது. மலையிலிருந்து வருகிற கண்மாய்த் தண்ணீருக்கு ஆணை வேண்டாம்.

அதே மொட்டைப் பாறைக்கு எண்பது, தொண்ணூறுகளுக்குப் பிறகு வேறு விலை வந்தது. கீழவளவு, கீழையூர், திருவாதவூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகள் பெருகின. அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் ஆட்சியர் உ. சகாயம் மதிப்பிட்டு எழுதியதும், 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்ததும் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த விவாதத்தில் ரூபாய் பேசப்பட்ட அளவுக்கு வரத்துக்கால் பேசப்படவில்லை என்பது என் வருத்தம். மலையை வெட்டினால் போவது கல் மட்டுமில்லை. அதன்மேல் விழுந்து ஓடிவந்த தண்ணீரின் பாதை போகிறது. குவாரிக் குழியில் பச்சையாகத் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள். கீழே ஏதோ ஒரு கண்மாய்க்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் அது. அரிட்டாபட்டிக் குன்றுகளுக்கும் குவாரிக் கண் விழுந்தது, ஊரார் விடவில்லை. கழிஞ்சமலை இன்று முழுசாக நிற்பது அதனால்தான்.

மலை நின்றதால் பறவைகளும் நின்றன. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு ஆகிய மூன்றும் இங்கே இருக்கின்றன. மூன்றுமே வேட்டைப் பறவைகள். செங்குத்தான பாறை விளிம்பு கிடைத்தால் கூடு அங்கேதான். கீழே நீர்நிலை, அதைச் சுற்றிக் கொக்கு, புறா, காடை. மேலே மாடம், கீழே சாப்பாடு என்ற கணக்கு. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பும் உண்டு. தேவாங்கை நான் பார்த்ததில்லை. ஷாஹீன் ஒன்று மாடப்புறாக் கூட்டத்தின் மேல் விழுவதைப் பார்த்திருக்கிறேன். விழுந்தது தெரியவில்லை, புறாக்கள் சிதறியது மட்டும்தான் தெரிந்தது.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் மீனாட்சிபுரத்தையும் சேர்த்துப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் முதலாவது இதுதான். பரப்பு சுமார் 193 ஹெக்டேர். அறிவிப்பில் பறவையும் குகையும் குடைவரையும் கண்மாயும் சேர்ந்தே இருந்தன, அது நல்ல வேலை.

ஏறக்குறைய இரண்டு வருஷம். 2024 நவம்பர் 7ஆம் தேதி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக ஒன்றிய அரசு அறிவித்தது. 2023இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டிருந்தது, டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் ஒன்று. 3,400 டிகிரி செல்சியஸ் தாண்டியும் உருகாத உலோகம், துளையிடும் கருவி முதல் ஆயுதம் வரை தேவைப்படுகிறது. தேவை பொய்யென்று நான் சொல்லவில்லை. ஏலத்தில் வந்த பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டியோடு வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி, தெற்குத்தெரு எல்லாம் அதற்குள்.

பிறகு நடந்தவை செய்தியில் வந்தவைதான். கிராம சபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்த பேரணி. ஜனவரி 23ஆம் தேதி ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரசியல் கட்சிகள் ஆளுக்கொரு பங்கு கேட்டுக்கொண்டன. கேட்கட்டும்.

எனக்கு மனதில் நிற்பது நடுவில் வந்த ஒரு வாதம். ஏலப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் பல்லுயிர்த் தலம், அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தில் தோண்டலாமே என்றார்கள். ஒன்றிய அரசு மறு ஆய்வு செய்யச் சொன்னதும் அந்த அடிப்படையில்தான். 193ஐ 2,015ஆல் வகுத்தால் ஏறக்குறைய பத்து சதவீதம் வருகிறது, கணக்கில் பிழையில்லை. அந்தப் பெரியவரிடம் காட்டினால் சிரித்திருப்பார். பத்து சதவீத மலையை வைத்துக்கொண்டு அது அனுப்புகிற தண்ணீர் போகும் வழியைத் தோண்டினால், ஆனைகொண்டானுக்கு அடுத்த கண்மாய்க்கு எது போகும்? அந்தக் கண்மாயில் மீன் இல்லையென்றால் கொக்கு வராது. கொக்கும் புறாவும் இல்லாத இடத்தில் ஷாஹீனுக்கு மாடம் மட்டும் இருந்து என்ன செய்வது? குகையையும் குடைவரையையும் தனியாகக் கம்பிவேலி போட்டுக் காப்பாற்றலாம். அப்போது அங்கே பாதிரிக்குடியார் வேலையைப் பார்க்க ஊர் இருக்காது.

இதே கேள்வியை நம் மாநில அரசிடமும் கேட்கத்தான் வேண்டும். 2025 மார்ச்சில் திண்டுக்கல் மாவட்டத்தில் அழகர்மலைக்கு அந்தப் பக்கம் காசம்பட்டிக் கோயில்காட்டை இரண்டாவது பல்லுயிர்த் தலமாக அறிவித்தார்கள். 4.97 ஹெக்டேர். சந்தோஷம். ஆனால் கோயில்காட்டுக்கு அதன் எல்லைக்குள்ளேயே ஓரளவு உயிர் உண்டு. கண்மாய் ஊருக்கு அப்படியில்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் மலை ஒரு இனம், ஓடை ஒரு இனம், கண்மாய் ஒரு இனம், எல்லாம் தனித்தனிப் புல எண். வரத்துக்கால்களையும் கீழ்க்கண்மாய்களையும் மலையோடு சேர்த்து ஒரே வரைபடத்தில் போட்டு, அந்த வரைபடத்துக்குப் பாதுகாப்பு கேட்பதுதான் அடுத்து செய்யவேண்டிய வேலை.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு. மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்கள் நல்லது, கண்மாயில் தண்ணீர் இருக்கும், பாறையும் சுடாது. குகைக்கு ஊரில் யாரையாவது கேட்டுக்கொண்டு போங்கள். தேன்கூடுகள் இருக்கும், புகை பிடிப்பதும் சத்தம் போடுவதும் ஆபத்து. வல்லூறு கூடு கட்டியிருக்கும் விளிம்புக்கு ட்ரோன் அனுப்பாதீர்கள். தமிழ்ப் பிராமி எழுத்து நடுப்பகல் வெளிச்சத்தில் பாறையோடு பாறையாக மறைந்துவிடும். காலையில் சீக்கிரம் போனால் சாய்வெளிச்சத்தில் தெரியும். தெரியாவிட்டால் சாக்பீஸ் வேண்டாம், ஒரு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.